பொருணூலும் அருணெறியும்

மேனாட்டுப் பொருணூற் கருத்துக்களை அரைகுறையாகக் கற்று, அவற்றையே அளவுகோலாகக் கொண்டு நம்மவர் ஒழுக்கத்தையும் உளப்பாங்கையும் அளக்கப் புகுவார் இந்நாளிற் பலராயினர். "வினைக்கொள்கையுடையார் எல்லாம் ஊழென்று சோர்ந்திருப்பர், ஆதலின் அவர் நாட்டில் தொழில் பெருகாது" என்பது அவர் கூற்று. இதற்கு அவர் காட்டும் பிரமாணம் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் நூல்களாம். இக்கூற்று வேபர் கருத்தையும் உணராது, சித்தாந்தத்தையும் உணராது எழுந்ததென்பதை ஈண்டுக் காட்டுதும்.

வேபர் 1904, 1905-ஆம் ஆண்டுகளிற் கிறிஸ்தவச் சீர்திருத்த நெறியினரைப் பற்றியும், 1916, 1917-ஆம் ஆண்டுகளில் இந்திய சமயங்களைப் பற்றியும் எழுதினார். இக்காலத்து முதலாளித் தொழின்முறை முதன்முதல் மேனாட்டில் தோன்றியதேன், இந்தியாவில் தோன்றாததேன் என்பதே அவர் வினா. பிறிதோரிடத்துத் தோன்றியதனை நம்மவர் கைக்கொள்ளவியலாதென்பது அவர் முடிபன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்தது. அதுபற்றித் தமிழ்நாட்டு மண் மிளகாய்க்கு ஆகாதென்பார் உளரோ? அன்றியும், சமயம் ஒன்றனையே காரணமாக நாட்டுதல் தம் நோக்கமன்றென அவர்தாமே தம் முதனூலின் இறுதியிற் கூறிவைத்தார். அவர் இந்நாட்டுக்கு வந்தவருமல்லர். மொழிபெயர்ப்புக்களையும் பிறர் ஆராய்ச்சிகளையும் கொண்டெழுதியவர். ஆகலின் அவர் கூறியனவும் ஆராய்ந்தே கொள்ளற்பாலன. அவர் கூறாததனை அவர்மேலேற்றிப் பேசுவார் கூற்றோ ஆராய்ச்சியெனவே படாது.

இனிச் சித்தாந்தத்தை நோக்குவாம். வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைத்து. அவற்றுள் ஆகாமியமாவது உயிர் இப்பிறப்பிற் புதிதாகச் செய்து ஈட்டுவது. முயற்சிக்கு இடமில்லையாயின் ஆகாமியமென்னும் பெயர்க்கே பொருளின்றாம். திருவள்ளுவனார் 38-ஆம் அதிகாரத்தில் ஊழை வைத்தார். அதனோடமையாது 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும், 76-ஆம் அதிகாரத்திற் பொருள் செயல்வகையையும் வைத்தார். ஒன்றை மட்டும் கண்டு பிறவற்றைக் காணாமை கற்றார்க்கு அழகாமோ?

நாயன்மாருள் அமர்நீதியார் ஆடை வணிகர், நேசர் நெசவாளர், திருவொற்றியூர்க் கலியனார் செல்வமிழந்த காலத்துக் கூலிக்குச் செக்காட்டியும் திருவிளக்கெரித்தவர். இவருள் யாவர் சோர்ந்திருந்தார்? தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்கள், கோயிற் காசு ஊர்ச்சபைகட்கு ஆண்டொன்றுக்குக் காசுக்கு அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குக் கொடுக்கப்பட்டமையைக் கூறுகின்றன. வரவு செலவுக் கணக்கறியாச் சமயமோ இது?

சென்னையிற் கண்கூடாகக் காணலாவதும் இதுவே. கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் ஏற்பட்டது. ஆயுதபூசை நாளில் எந்திரங்கட்குச் சந்தனமும் குங்குமமும் இடுதல் நம் தொழிற்கூடங்களின் வழக்கம். இட்ட கைகளே மறுநாள் அவற்றை இயக்குகின்றன. 1964-இல் மில்ட்டன் சிங்கர் என்னும் அமெரிக்க மானிடவியலார் சென்னைத் தொழிலதிபர் 19 பேரை வினாவி ஆராய்ந்து, அவர்தம் சமயவொழுக்கம் தொழிற்குத் தடையாகவில்லையென 1972-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். 1978-இல் ராஜ் கிருஷ்ணா என்னும் பொருணூலார் நூற்றுக்கு மூன்றரையளவான நாட்டு வளர்ச்சியை 'இந்து வளர்ச்சி வீதம்' என்றார். 1980-க்குப் பின்னும், 1991-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கட்குப் பின்னும் அவ்வளர்ச்சி மிகுந்தது. மக்கள் சமயம் மாறிற்றில்லை. காரியம் மாறவும் மாறாது நின்றதொன்றைக் காரணமென்றல் எந்த அளவைநூல் முறை?

இது வெறுஞ் சொற்போரன்று. நாள் முழுதும் உழைத்து, "எல்லாம் அவன் செயல்" என்பான் ஒரு தொழிலாளி. வினாத்தாளொடு செல்வார் அதனை "முயற்சியின்மை" என்று குறித்துக்கொள்வர். அவன் கூலி குறைந்தமைக்கும் கடன் கிடையாமைக்கும் காரணம் தேடாது, அவன் வழிபாட்டின்மேற் பழி சுமத்துவர். தன்முனைப்பு அடங்கிய சொல்லை மடியின் சொல்லாகக் கோடல் எத்துணைப் பேதைமை!

இதனை மறுப்பான் புகுந்து, "சைவம் செல்வம் பெருக்கும், ஆதலின் நன்று" என்பாரும் நம்முள் உளர். அவரும் அவ்வளவுகோலையே கைக்கொண்டவராவர். சைவத்தின் பயன் மலநீக்கமும் சிவப்பேறுமாம், ஊதியமன்று. நெல்லளக்கும் மரக்காலால் நிலவொளியை அளக்கப் புகுவார், நிலவு இல்லையென்னினும் நிறைய உண்டென்னினும் பிழையொன்றே.

ஆகலின், நம் நெறியை ஆராயப் புகுவார் முன்னர் அந்நெறி நூல்களை முறையாகக் கேட்டும், தாம் மேற்கோளாக்கும் மேனாட்டு நூல்களை முற்றக் கற்றும், பின்னர் எழுதுகோல் எடுப்பாராக.

சிவம்.