மேலே மழை, கீழே வெயில்

மே மாசம் பிறந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாலிபர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கால் தங்காது. நாலு பைக், எட்டு ஆசாமிகள், புளிசாதப் பொட்டலம். அய்யனார் கோயில் ஆறு, இல்லாவிட்டால் செண்பகத்தோப்பு. "காலையில ஆறு மணிக்கு ஷார்ப்பா கிளம்பறோம் மாப்ளே!" என்று சனிக்கிழமை ராத்திரி சத்தியம் நடக்கும். கிளம்பும்போது பத்தரை.

வில்லங்கமே அங்கேதான்.

கோடை மழைக்கு ஒரு குணம். காலையில் பெரும்பாலும் வாயைத் திறக்காது. வெயில் மலையைக் காய்ச்சி, ஈரக்காற்று சூடாகி மேலே ஏறி, மத்தியானத்துக்கு அப்புறம்தான் இடியோடு கொட்டும். அதுவும் உச்சியில். கீழே சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறவர் தலையில் ஒரு சொட்டு விழாது. வெயில் பளீரென்று அடிக்கும். மேலேயோ வழுவழுவென்று பாறைச் சரிவு. தண்ணீரைக் குடிக்க மண் போதாது. பெய்தது அத்தனையும் ஓடையில் இறங்கும். காலையில் கணுக்கால் நனைந்த இடத்தில், சாயங்காலம் ஆளையே காணோம்!

2015 மே மாதம் சதுரகிரியில் நடந்தது இதுதான். அமாவாசைக்கு மகாலிங்கத்தைக் கும்பிடப் போன பக்தர்கள் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். சில உயிர்கள் போயின. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இந்த வெள்ளத்தில் சலுகை கிடையாது. தண்ணீரோடு கல்லும் கட்டையும் சேர்ந்தல்லவா வருகிறது!

எல்.டி.சி. போட்டு மணாலி, சிக்கிம் என்று பனி பார்க்கக் கிளம்பும் ஆபீஸ் நண்பர்களும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். அங்கே வெள்ளத்துக்குப் பதில் பனிச்சரிவு. டைம்டேபிள் ஏறக்குறைய ஒன்றுதான். ராத்திரிக் குளிரில் பனி கல்லாக இறுகிக் கிடக்கும். வெயில் ஏறினால் மேல்பக்கம் உருகி, தண்ணீர் உள்ளே கசிந்து, பிடிப்பு விட்டுப்போகும். அப்புறம் மொத்தச் சரிவும் ஈர சிமென்ட் கலவை மாதிரி இறங்கும். அதனால் வசந்த காலத்தில் பனிச்சறுக்கு ஆடப் போகிற விவரமானவர்கள் விடியுமுன் ஏறி, வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிடுவார்கள். கால் முழங்கால்வரை புதைந்தாலோ, பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலோ, அன்றைய ஆட்டம் குளோஸ். ராத்திரி சரியாக உறையாவிட்டால் காலையில்கூட நம்புவதில்லை.

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி, சிக்கிமில் நாதுலா போகிற ரோடு. நடுப்பகல் சுமாருக்குப் பனிச்சரிவு. சுற்றுலா வந்தவர்களில் 7 பேர் இறந்தார்கள். பர்மிட் கொடுத்திருந்தது 13-ஆவது மைல் வரைக்கும். சரிவு விழுந்தது 15-ஆவது மைல் பக்கம். ரெண்டே ரெண்டு மைல் சார்.

நம் ஊரிலும் இந்த ரெண்டு மைல் ஆசைக்குக் குறைச்சல் இல்லை. "தம்பி, மேல இருட்டிக்கிட்டு வருது, போகாதீங்க" என்பார் வனத்துறை கார்டு. "அண்ணாச்சி, அஞ்சே நிமிஷம், ஒரு முழுக்கு" என்று ஆரம்பிப்பார்கள். போதாக்குறைக்கு, "எங்க மாமா யார் தெரியுமா?" வேறு. ஓடைக்கு உங்கள் மாமாவைத் தெரியாது. கார்டுக்குத் தெரிந்தது மேகம். உங்களைத் திருப்பி அனுப்புவதில் அவருக்குக் கமிஷனும் கிடையாது.

கார்டு இல்லாத இடத்தில் ஓடையே சொல்லும். கண்ணாடியாக ஓடின தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே லாரி வருகிற மாதிரி சத்தம் கேட்டால் துண்டு, சோப்பு, செல்போன் எதையும் தேடாதீர்கள். ஓடையின் போக்கிலேயே கீழே ஓடுவது வீண். வெள்ளம் உங்களைவிட வேகம். பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள்.

அக்கரையில் மாட்டிக்கொண்டால்? அங்கேயே உட்காருங்கள். கையைக் கோத்துக்கொண்டு கடக்கிற வீரமெல்லாம் சினிமாவில் சரி. முழங்கால் அளவு வேகத் தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும். இந்த ஓடைகள் ஏறின வேகத்தில் வடிகிறவை. மேலே மழை விட்டால் அநேகமாகச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி இறக்குவார்கள். அதுவரைக்கும் புளிசாதத்தில் ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தால் போதும்.

எட்டு பேர் போனால் அதுவும் மிச்சம் இருக்காது என்பது வேறு விஷயம்.