பட்டுக்கூடு விலையும் பட்ஜெட் வரியும்

தர்மபுரி அரசு பட்டுக்கூடு ஏல அங்காடியில் நூற்பாளர்கள் குவியல் குவியலாகப் பார்த்துக்கொண்டே நகர்வார்கள். ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்குவார்கள். சந்தேகம் வந்தால் கீறி, உள்ளே புழு செத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கறைக்கூடும் இரட்டைக்கூடும் தென்பட்டால் கேட்கும் விலை இறங்கிவிடும். இத்தனை சோதனைக்கும் தேறிய கூடுகூட சில சமயம் விலை போவதில்லை. அதற்குக் காரணம் அங்காடிக்குள் இல்லை.

2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 2013-ல் 15 ஆனது. பிறகு 10. 2021-ல் மறுபடியும் 15. பத்து ஆண்டுகளில் நான்கு மாற்றங்கள்!

உலகப் பட்டில் பெரும்பங்கு சீனாவில் விளைகிறது. அதிகம் உடுத்துவது நாம். ஒரு கிலோ நூல் எடுக்க ஆறேழு கிலோ கூடு வேண்டும். எனவே, சீன நூல் மலிவாக வந்து இறங்கினால் நூற்பாளர் அந்த விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் கூட்டைக் கேட்பார். விலை ஏறட்டும் என்று பென்னாகரத்து விவசாயி காத்திருக்கவும் வழியில்லை. கூடு கட்டிய இரண்டு வாரத்துக்குள் அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும்; அந்தக் கூட்டில் அறுபடாத இழை கிடைக்காது.

அப்படியானால் வரியை இன்னும் ஏற்றிவிடலாமா? அது காஞ்சிபுரம், ஆரணி நெசவாளர் தலையில் நூல் விலையாக வந்து விடியும். வரியின் அளவைவிட, அது எப்போது மாறும் என்று தெரியாததுதான் பெரிய தொல்லை. மல்பெரி ஒருமுறை நட்டால் பதினைந்து ஆண்டுவரை பலன் தரும். புழு வளர்ப்பு மனைக்கு வாங்கிய கடனும் ஓரிரு ஆண்டில் தீர்வதில்லை. இவ்வளவையும் ஒரு பிப்ரவரி அறிவிப்பு புரட்டிப் போடுவது நியாயமில்லை. வரியை ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே அறிவிப்பதில் அரசுக்கு என்ன நஷ்டம்?

சீன நூல் விற்பது மலிவால் மட்டுமல்ல. இழை சீராக இருக்கும், பாவு ஓட்டத் தாங்கும். நெசவாளரைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார். தர்மபுரி விவசாயிகள் வளர்க்கும் வெண்கூட்டிலும் அந்தத் தரத்தில் நூல் எடுக்கலாம். அதற்குத் தானியங்கி நூற்பு இயந்திரங்கள் வேண்டும். வரிக்காகக் குரல் கொடுப்பவர்கள் இந்த இயந்திரங்களுக்கான மானியத்தையும் அதே மூச்சில் கேட்கலாம். இறக்குமதி நூலின் அன்றைய விலையையும் அங்காடிப் பலகையில் எழுதச் சொல்லலாம். அதற்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டிதான்.