வெயில் அடிச்சா நல்ல நாளாம்!

பனிச்சரிவில் யாராவது செத்துப்போனால் அடுத்த நாள் பேப்பரில் ரெடிமேடாக ஒரு தலைப்பு வரும்: 'இயற்கையின் சீற்றம்'. படிக்கும்போதே எனக்கு எரிச்சலா வரும். மலைக்கு என்னமோ நம்ம மேல கோபம் மாதிரி!

2023 ஏப்ரல் 4. கேங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில், 15-வது மைல் பக்கம், மதியம் 12.20 வாக்கில் பனி சரிந்தது. 7 சுற்றுலாப் பயணிகள் போய்ச் சேர்ந்தார்கள். அனுமதிச் சீட்டு 13-வது மைல் வரைக்கும்தான், அதைத் தாண்டிப் போகிறார்கள் என்று அங்கிருந்த அதிகாரியே சொன்னதாக அப்போது செய்திகளில் வந்தது. சீட்டு எதுவரை என்று மலைக்குத் தெரியாது. வண்டி ஓட்டினவருக்குத் தெரியுமே?

நம்ம ஆளுங்களுக்கு ஒரு நம்பிக்கை: பனிப்புயல் அடிச்சா ஆபத்து, வெயில் அடிச்சா பாதுகாப்பு. பாதி தப்பு சாமி. வெயில் ஏறினால் பனி உருகி, அந்தத் தண்ணி உள்ளே இறங்கும். பனித்துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு கரையும். 30-லிருந்து 45 டிகிரி வரை சாய்ந்த சரிவென்றால் மொத்தமாகக் கீழே வர வேறெதுவும் வேண்டாம். நீங்கள் அதை மிதிக்கக்கூட வேண்டாம், அதுவே வரும். கீழே சமதளத்தில் நின்று போட்டோ எடுத்தாலும் வரும்.

அதனால் இங்கே கடிகாரம்தான் ஆண்டவன். மேகமில்லாத ராத்திரியில் பனி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு இறுகிப்போகும்; விடியற்காலையில் அதன்மேல் நடக்கலாம். மேகம் மூடின ராத்திரியில் அது உறையாது, அப்போ காலை ஆறு மணியும் மதியம் மாதிரிதான். வெயில் முதலில் கிழக்குச் சரிவைப் பிடிக்கும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. மேலேயிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வருதா? கால் கணுக்காலுக்கு மேல் புதையுதா? வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். 'டிரான்ஸீவர் இருக்கு, மண்வெட்டி இருக்கு' என்று சொல்பவர்களுக்கு: ஈரப்பனி நின்றதும் கான்கிரீட் மாதிரி இறுகும். உள்ளே போனவருக்கு இருப்பது முதல் பத்து நிமிஷம் சொச்சம். தோண்டிப் பாருங்க.

இது இமயமலைக்கு மட்டுமில்லை. இத்தாலியின் மார்மொலாடாவில் 2022 ஜூலை 3 மதியம் பனியாறே ஒரு துண்டு உடைந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். முந்தின நாள் 3,300 மீட்டர் உயரச் சிகரத்தில் சுமார் 10 டிகிரி வெப்பம்! அங்கே போனவர்கள் ஒன்றும் கத்துக்குட்டிகள் இல்லை, வழிகாட்டிகளும் அதில் இருந்தார்கள்.

"அப்போ யாருமே மலைக்குப் போகக்கூடாதா?" என்று கேட்க ரெண்டு பேர் வருவீங்க, தெரியும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த 10 பேர் பனிக்குள் புதைந்தார்கள், அதில் தமிழ்நாட்டு வீரர்களும் உண்டு. அவர்களுக்குப் போகாமல் இருக்கும் உரிமை கிடையாது. நமக்கு உண்டு. இருக்கிற ஒரே சலுகையை செல்ஃபிக்காக ஏன் விற்கிறீங்க என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தெரிஞ்ச காரணம் ஒன்று, பி.காம் காரன் புத்தி, பொறுத்துக்குங்க :-) நாங்கள் மூழ்கிய செலவு என்று படிப்போம். திரும்பி வராத பணத்தை மனசில் வைத்து அடுத்த முடிவு எடுக்காதே என்பது முதல் வருஷப் பாடம். லீவு போட்டாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு, டிராவல்ஸுக்கு முழுப்பணமும் கட்டியாச்சு, இனி எப்படித் திரும்புவது? ஏற்பாட்டாளரும் அதே கணக்கில்தான் வண்டியை எடுக்கிறார். வானிலையால் ரத்தானால் பணம் திரும்பாது என்று எழுதி வைத்தால், பன்னிரண்டு மணி வெயிலிலும் எல்லாரும் மேலேதான் போவார்கள். அடுத்த தடவை அட்வான்ஸ் கட்டுவதற்கு முன், ஹோட்டலில் வெந்நீர் வருமா என்று கேட்கிற அதே வாயால் இதையும் கேளுங்க: ராத்திரி பனி உறையலைன்னா ட்ரிப்பை நிறுத்துவீங்களா, காசு எவ்வளவு திரும்ப வரும்?