மன்னரா, மன்னர்களா?

பட்டிமன்றத்துக்குப் பேர்போன மதுரையில் வழக்குக்குப் பஞ்சமில்லை. எங்கள் திருநகரும் அதற்கு விலக்கன்று. பழைய பாட்டு ஒன்று வானொலியில் ஒலித்து முடிந்தால் போதும், "இது விஸ்வநாதன் பாட்டு" என்று ஒருவர் தொடங்குவார். "ராமமூர்த்தியின் வயலின் இல்லாவிட்டால் இது பாட்டே இல்லை" என்று மற்றவர் மறுப்பார். காப்பி ஆறிப்போகும். இம்மலருக்கென நாங்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் இவ்வழக்கைப் பற்றிக் கருத்துக் கேட்டு வந்தோம். கேட்டவற்றையெல்லாம் எழுதினால் மலர் முழுவதும் போதாது!

இளைய தங்கையருக்காகச் சிறிது வரலாறு. டி.கே. ராமமூர்த்தி திருச்சியைச் சேர்ந்த வயலின் கலைஞர், 1922-இல் பிறந்தவர். எம்.எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் பணியாற்றினர். 1952-இல் சுப்பராமன் இளவயதிலேயே காலமானபோது, அவர் விட்டுச்சென்ற பணியை முடித்துக் கொடுத்தவர்கள் இவர்களே. அவ்வாண்டே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இருவர் பெயரும் இணைந்து வந்தது. இளையவர் பெயர் முன்னே, மூத்தவர் பெயர் பின்னே.

'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்றும் 1961 என்னும் ஒரே ஆண்டில் வந்தவை என்றால் இன்று நம்ப முடிகிறதா? 1964-இல் 'கர்ணன்' படத்துக்கு வடநாட்டு ராகங்களையும் வாத்தியங்களையும் கொண்டுவந்தனர். அதே ஆண்டில் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் மேல்நாட்டுத் தாளம் துள்ளியது. நம் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் குரல் தமிழகத்தின் வீடுதோறும் புகுந்ததில் இவ்விருவரின் பங்கு பெரிது. 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தனர். ஏன் பிரிந்தனர் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவற்றை நாங்கள் எழுதப்போவதில்லை. ஒரு வீட்டுக்குள் நடந்ததற்கு வீதியில் நின்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

கருத்துக்களைப் பார்ப்போம். விஸ்வநாதன் கட்சியார் கையில் கணக்கு இருக்கிறது. பிரிந்த பின்னும் 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'அபூர்வ ராகங்கள்' (1975) என்று அவர் கொடிகட்டிப் பறந்தார். ராமமூர்த்திக்கு 'நான்' (1967), 'தங்கச்சுரங்கம்' (1969) போன்ற சில படங்களே வாய்த்தன என்கிறார்கள். ஒரு தோழியின் தந்தை, 'காதலிக்க நேரமில்லை' பாட்டிலேயே விஸ்வநாதன் பெயர்தானே வருகிறது என்றாராம். அது டி.எஸ். பாலையா ஏற்ற பாத்திரத்தின் பெயர் ஐயா! எதிர்க்கட்சியாரோ, பிரிந்த பின் வந்த பாடல்களில் வயலின்களின் பழைய குழைவு இல்லை என்று சாதிக்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும், "ஜிகர்தண்டாவில் பால் எவ்வளவு, கடற்பாசி எவ்வளவு என்று பிரித்துப் பிரித்தா விலை கேட்பாய்?" என்று கேட்டு வாயடைத்துவிட்டார்.

நாங்கள் பாட்டியின் பக்கம். 1965-க்குப் பின் தயாரிப்பாளர்கள் யாரை அதிகம் அழைத்தனர் என்பதைத்தான் படங்களின் எண்ணிக்கை காட்டும். அதற்கு முன் இருந்த பாட்டு யாரால் பிறந்தது என்பதை அது காட்டாது. மெட்டும் வாத்தியமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் பாட்டில் கோடு கிழிப்பது எங்ஙனம்?

இவ்வழக்கு நம் நாட்டில் மட்டுமன்று, இங்கிலாந்திலும் உண்டு. லிவர்பூல் நகரின் நான்கு இளைஞர்கள் சேர்ந்த பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழு 1970-இல் பிரிந்தது. அக்குழுவின் ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும், ஒருவரே தனித்து எழுதிய பாட்டுக்கும் இருவர் பெயரையும் இடுவது என்று தொடக்கத்திலேயே உடன்பட்டவர்கள். அப்படியிருந்தும் எந்தப் பாட்டு எவருடையது என்று ரசிகர்கள் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, 1976-இல் வந்த இசைத்தட்டு ஒன்றில் மெக்கார்ட்னியே சில பழைய பாடல்களுக்குத் தம் பெயரை முன்னே வைத்தார்! ஆயினும் அங்கே சண்டையெல்லாம் எந்தப் பெயர் முன்னே என்பதில்தான். இங்கே ஒரு பெயரே காணாமற்போகிறது.

அதுவே எங்கள் மனக்குறை. 1963-இல் நடிகர் சிவாஜி கணேசன் கையால் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. இன்று 'மெல்லிசை மன்னர்' என்றால் ஒருவரைத்தான் நினைக்கிறார்கள். பன்மை விகுதியை விட்டுவிட்டால் இலக்கணத் தேர்வில் எங்களுக்கு மதிப்பெண் குறைகிறது. இங்கே ஒரு மனிதரே விடுபட்டுப் போகிறார், கேட்பாரில்லை. கைப்பேசியில் 1961-ஆம் ஆண்டுப் பாட்டைத் தேடினாலும் பல இடங்களில் விஸ்வநாதன் பெயர் மட்டுமே வருகிறது.

அவ்விருவரோ 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மீண்டும் சேர்ந்து இசையமைத்தார்கள். 2012-இல் முதலமைச்சர் ஜெயலலிதா 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் அளித்ததும் இருவருக்குமே. 2013-இல் ராமமூர்த்தியும், 2015-இல் விஸ்வநாதனும் மறைந்தனர். அவர்கள் கூடிவிட்டார்கள், ரசிகர்கள்தாம் இன்னும் பிரிந்து நிற்கிறார்கள்.

பெற்றோர்களுக்கும் தோழியருக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. 1952 முதல் 1965 வரை இவர்கள் அமைத்த எந்தப் பாட்டைப் பாடினாலும், அறிவித்தாலும், "இசை: விஸ்வநாதன் – ராமமூர்த்தி" என்று முழுதாகச் சொல்லுங்கள். கூடுதலாகச் செலவாவது இரண்டு விநாடி. தலைமைச் சகோதரி அவர்கள் அனுமதித்தால், வரும் ஆண்டு விழா மேடையில் எங்கள் வகுப்பே இதைத் தொடங்கி வைக்கும்.