500 ரூபாயும் 570 கோடியும்

தேர்தல் நெருங்கினால் எங்கள் காலனிகளுக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் கவரோடு வருகிறார். இன்னொருவர் டிவிக்குள் உட்கார்ந்துகொண்டு கவரை வாங்காதே என்கிறார். முன்னவர் எங்களை விலைக்கு வாங்கப் பார்க்கிறார். பின்னவர் எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றுவதில்லை.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, வாரச் சம்பளம் வாங்கி, மளிகைக்கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு வந்த சனம் டீக்கடை டிவி முன்னால் நிற்கிறது. ஓட்டுக்குக் காசு கொடுப்பவர் குற்றவாளியா, வாங்குபவர் குற்றவாளியா என்று விவாதம். பேச வந்த நான்கு பேரில் பவர் டேபிளில் உட்கார்ந்து துணி தைத்தவர் ஒருவரும் இல்லை. "குவார்ட்டருக்கும் பிரியாணிக்கும் ஓட்டை விற்கிற கூட்டம்" என்றார் ஒருவர். எந்தக் கூட்டம் என்று அவர் சொல்லவில்லை. டீக்கடையில் நின்றவர்களுக்குச் சொல்லாமலே புரிந்தது.

சினிமாவும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2018 தீபாவளிக்கு வந்த 'சர்க்கார்' படத்தில் இலவச மிக்ஸி, கிரைண்டரை மக்கள் தீயில் தூக்கிப் போடுவதாக ஒரு காட்சி. ஆளுங்கட்சி கொந்தளித்தது, காட்சி நீக்கப்பட்டது. அரசியல்வாதிக்குக் கோபம் வந்ததா என்பதைப் பற்றித்தான் அத்தனை விவாதமும் நடந்தது. அந்த கிரைண்டரை வைத்திருந்த பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. காலை எட்டரை மணி ஷிப்டுக்குக் கிளம்புகிறவள் அதற்கு முன்பு ஆட்டுக்கல்லோடு எத்தனை மணி நேரம் மல்லுக்கட்டினாள் என்பது, தீபாவளி போனஸில் அந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்த எங்கள் பெண்களுக்குத் தெரியும்.

2006க்குப் பிறகு வந்த இலவச கலர் டிவியும் அப்படித்தான். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க ஊர்த் தெருவுக்குப் போய் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்ற பிள்ளைகள் நாங்கள். உள்ளே கூப்பிட மாட்டார்கள். விளம்பரம் முடியும் முன் விரட்டியும் விடுவார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே டிவி வந்ததும் அந்த ஜன்னலுக்குப் போவது நின்றது. இதை இலவசம் என்று கேலி செய்பவர் அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து படம் பார்த்தவராக இருக்கலாம்.

அரசுத் திட்டத்தில் வரும் பொருளும் ஓட்டுக்கு முன்தினம் வரும் கவரும் ஒன்றல்ல. முதலாவது சட்டமன்றத்தில் நிதி ஒதுக்கி, எல்லோருக்கும் தெரியக் கொடுப்பது. இரண்டாவது லஞ்சம். அதை வாங்குவது சரி என்று நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் காலனி காலனியாகப் போய் வாங்காதீர்கள் என்று சொல்கிறவர்கள் நாங்களே. அப்படிச் சொல்லப் போன இடத்தில் அவிநாசிப் பக்கம் ஒரு அம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "கண்ணு, வேண்டாம்னு சொன்னா அடுத்த கட்சிக்காரின்னு நோட்டுல குறிச்சுக்குவாங்க. அப்புறம் தண்ணி வரலீன்னா யாருகிட்டப் போயி நிக்கறது? வாங்கி வெச்சுக்கறேன். ஓட்டு என்ற இஷ்டம்."

எந்த டிவி விவாதத்திலும் நாங்கள் கேட்காத விஷயம் இது. கவரோடு வருபவர் கையில் வாக்காளர் பட்டியலும் இருக்கிறது. பணம் கொடுப்பதோடு கணக்கெடுப்பும் நடக்கிறது. அந்தக் கவரை மறுப்பது வெறும் நேர்மைப் பரீட்சை இல்லை. வேலை கொடுக்கிறவர், வட்டிக்குக் கொடுக்கிறவர், பஞ்சாயத்தில் செல்வாக்கு உள்ளவர் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருக்கும் ஊரில், மறுப்பவள் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துக்கொள்கிறாள். சமூகவியல் வகுப்பில் எம்.என்.சீனிவாஸ் 1950களில் எழுதிய 'ஓட்டு வங்கி' பற்றிப் படித்தோம். ஊரில் வலுத்தவர் தன்னை நம்பிப் பிழைப்பவர்களின் ஓட்டைத் தன் கையில் வைத்திருப்பதைத்தான் அந்தச் சொல் குறித்தது. இன்றோ அது நம்பிப் பிழைப்பவர்கள் மீதே வசைச் சொல்லாக விழுகிறது.

"ஓட்டு ரகசியம்தானே, பயம் எதற்கு?" என்று கேட்பார்கள். தனி ஆளின் ஓட்டு ரகசியம். காலனியின் ஓட்டு ரகசியம் இல்லை. ஒவ்வொரு சாவடியின் எந்திரமும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று படிவம் 20 வெளியாகிறது. எங்கள் தெருக்கள் ஒரே சாவடியில் இருந்தால் நாங்கள் யாருக்குப் போட்டோம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. எந்திரத்திலும் அதைச் செய்ய முடியும். 14 சாவடி எந்திரங்களைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எந்தப் பகுதியில் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று கட்சிகள் தெரிந்துகொள்ள சாவடிவாரிக் கணக்கு உதவும் என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம். ஓட்டுப் போடாத காலனிக்கு என்ன மாதிரி 'உழைப்பார்கள்' என்று எங்களைக் கேட்டால் சொல்லுவோம்.

அதே அரசு இன்னொரு தரப்பின் ரகசியத்தை எப்படிக் காப்பாற்றியது என்று பாருங்கள். 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. எந்த முதலாளி எந்தக் கட்சிக்கு எத்தனை கோடி கொடுத்தார் என்று மக்களுக்குத் தெரியக்கூடாது என்பதே அதன் ஏற்பாடு. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அது ஓடியது. கோடி கொடுத்தவருக்கு ரகசியம். 500 ரூபாய் வாங்கியவளின் தெருவுக்குப் பகிரங்கம்.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு கதை உண்டு. 2016 மே 14 அதிகாலை, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, திருப்பூர் அருகே 3 கண்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகும் எங்கள் பணம் என்றது ஸ்டேட் வங்கி. பணம் வங்கியிடம் போனது. பிறகு உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அது வங்கிப் பணமாகவே இருக்கட்டும். நாங்கள் கவனித்தது வேறு. அந்த 570 கோடியைப் பற்றிப் பேசும்போது எல்லோர் வாயிலும் 'ஆவணம்', 'விளக்கம்', 'நடைமுறை' என்ற மரியாதையான சொற்கள் வந்தன. 500 ரூபாய் வாங்கிய டெய்லரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொற்கள் எங்கே போயின?

அதே தேர்தலில் பக்கத்து கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் தள்ளிப்போய், கடைசியில் ரத்தானது. நவம்பர் 19 அன்று மறுபடி நடந்தபோது இரண்டு பெரிய கட்சிகளும் அதே வேட்பாளர்களையே நிறுத்தின. ஆறு மாதம் சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் இருந்தது அந்தத் தொகுதி மக்கள்தான்.

சட்டத்தின் தராசையும் பார்த்துவிடுவோம். ஓட்டுக்குப் பணம் வாங்கினால் ஓராண்டு வரை சிறை. கொடுத்தவருக்கும் அதே தண்டனைதான், ஆனால் சிறைக்குப் போன வேட்பாளர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அடுத்து, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு: வாக்குப்பதிவு நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். விடுமுறை நாளில் வழக்கமாகக் கூலி கிடைக்காத தொழிலாளிக்கும் அன்றைய கூலியைத் தர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, மக்களவைத் தேர்தல். பீஸ் ரேட்டில் தைக்கிற நம் பெண்கள் மறுநாள் சம்பளக் கவரைப் பிரித்தபோது அந்த ஒரு நாள் அதில் இல்லை. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்து இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் ஓட்டுப் போட ஊருக்குப் போனால் பஸ் கட்டணமும் இரண்டு நாள் கூலியும் கைவிட்டுப் போகும். அந்த ஓட்டுக்கு அவர்கள்தான் காசு கொடுக்கிறார்கள். இதை எந்தப் படத்தின் கதாநாயகனும் வசனமாகப் பேசவில்லை.

1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற சமத்துவம் வரும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவம் இருக்காது, இந்த முரண்பாட்டை எத்தனை நாள் சுமப்போம் என்று கேட்டார். அந்த முரண்பாட்டின் இன்றைய பெயர்தான் கவர்.

எனவே, அடுத்த விவாதத்துக்குச் சில தலைப்புகள் தருகிறோம். சாவடிகளைச் சேர்த்து எண்ண எந்தக் கட்சி ஒப்புக்கொள்ளும்? வாக்குப்பதிவு நாள் கூலியைப் பீஸ் ரேட் தொழிலாளிக்குத் தராத கம்பெனி மீது எந்த அதிகாரி நடவடிக்கை எடுப்பார்? பணம் கொடுத்ததாகத் தேர்தல் ரத்தானால் அதே வேட்பாளர் ஏன் மறுபடி நிற்கிறார்? எங்கள் மாவட்டத்தில் அவிநாசி, தாராபுரம் இரண்டும் தனித்தொகுதிகள். அங்கே நிற்கிற வேட்பாளர்கள் காலனித் தெருவில் பேசுவதை ஊர்த் தெருவிலும் பேசுவார்களா?

இவற்றைப் பேசத் தயார் என்றால், அந்த நான்கு நாற்காலிகளில் ஒன்றை எங்கள் அவிநாசி அம்மாவுக்குக் கொடுங்கள். ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் வருவார். அன்றைய கூலியை மட்டும் பிடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.