தனித் தட்டு எதற்கு?

புரோஸ்டேட் சுரப்பியைத் தாண்டிப் பரவாத புற்றுநோய்க்காகக் கதிரியக்க விதைகள் பதிக்கப்பெற்று இல்லம் திரும்பும் பெரியவருக்குச் சில வீடுகளில் தனித் தட்டு, தனிப் பாய், தனி அறை என ஒதுக்கிவிடுகின்றனர். நோயைவிட இவ்வொதுக்கலே அவரை வாட்டும். இது தேவையற்றது என்பதே எம் கருத்து.

அரிசியளவான அவ்விதைகள் டைட்டானியம் உறையால் மூடப்பட்டவை. உள்ளிருக்கும் அயோடின்-125 உமிழும் கதிர்கள் ஆற்றல் குறைந்தவை. பெரும்பகுதி உடலுக்குள்ளேயே அடங்கிவிடும். உண்ட தட்டிலோ உடுத்த வேட்டியிலோ கதிரியக்கம் ஒட்டுவதில்லை. ஏறத்தாழ 60 நாள்களுக்கு ஒருமுறை அதன் வீரியமும் பாதியாகும்.

முதல் இரு மாதங்கள் பேரக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருத்தல் கூடாது. கருவுற்ற பெண்கள் சற்று விலகி அமர்தல் நன்று. அரிதாகச் சிறுநீரில் விதை வெளிப்படின், கையால் தொடாது கரண்டியால் எடுத்துவைத்து எமக்குத் தெரிவியுங்கள்.

இவற்றைத் தாளில் எழுதித் தருவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. மறந்தோமாயின், கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.