மலையை வெட்டாமல் ஒரு வீடு

டிராயிங் ஹாலில் நமக்குத் தரும் மனை எல்லாமே 30க்கு 40, மேஜை மாதிரி சமதளம். எங்கள் கோத்தகிரிப் பக்கம் அப்படி மனை ஏது?

அதனால் ஜே.சி.பி.யை விட்டு மலையைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி, பாதி வீட்டை அதன்மேல் நிறுத்துகிறார்கள். கொட்டிய மண் அமுங்கும், சுவர் விரியும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை உயிர் போச்சு! இன்னும் புத்தி வரலையே!

வீட்டின் நீளம் காண்டூர் கோட்டோடு ஓடட்டும் என்கிறேன் நான். அடுக்களை மூணு படி மேலே இருந்தால் குடி முழுகிவிடாது. மேல்பக்கம் மழைத்தண்ணிக்கு வாய்க்கால், தடுப்புச் சுவரில் வீப் ஹோல் கட்டாயம் வேணும். இல்லாவிட்டால் ஊறிய மண் எவ்வளவு கனத்த சுவரையும் தள்ளும்.

தேயிலைத் தோட்டத்தில் உழைத்த காசில் அப்பா மூணு சென்ட் வாங்கியிருக்கிறார். "எல்லாரையும் போல வெட்டிச் சமமாக்கிரலாம்டா" என்றார். நான் என் பிளானைக் காட்டினேன். "சோத்துப் பானையோட படி இறங்கணுமா?" என்றார் அம்மா. அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீதானே படிச்சவன்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. லெவலை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன்.